ஸ்னூக்கர் குறிப்பேடு: ஆளுக்கொரு பக்கம் எழுதுங்கள்

வணக்கம். ஸ்னூக்கர் மேசையில், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து சிவப்புப் பந்தை ஒட்டி நின்றால் எப்படி அடிப்பது என்று இந்தக் குழுவில் எத்தனை தடவை கேட்டாயிற்று! பதில் ஒவ்வொரு முறையும் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இணையக் குறிப்பேட்டில் தொகுக்க ஆரம்பித்திருக்கிறேன். சுட்டியை மேலே பின் செய்திருக்கிறேன்.

முதல் பதிவே அந்தக் கேள்விதான். நீங்கள் சிவப்பை அடிக்க வேண்டிய நேரம் என்றால், ஒட்டிய பந்தை அசைக்காமல் வெள்ளையை விலக்கி அடித்தால் போதும். சிவப்பைத் தொட்டதாகவே கணக்கு. வேறு பந்தைத் தேடிப் போக வேண்டாம். அந்தச் சிவப்பு அசைந்தால் பவுல் (தவறான அடி), எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி.

வரலாறும் சேரட்டும். 1875இல் ஜபல்பூரில் பிறந்த ஆட்டத்துக்கு 1882இல் நம் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. சிங்கப்பூர் பக்கத்துக்கு பில்லியர்ட்ஸ் வீரர் பீட்டர் கில்கிறிஸ்ட், பூல் வீரர் அலோய்சியஸ் யாப் பற்றி யாராவது எழுதுங்கள்.

பூல் விதிகளுக்குத் தனிப் பக்கம். தயவுசெய்து ஸ்னூக்கரோடு கலக்காதீர்கள். அப்புறம், தமிழ்ச் சொல் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கியூ (அடிக்கும் கோல்), பாட் (பந்தைக் குழியில் விழவைப்பது) என்றே எழுதலாம். மற்ற வேலைகளை ஞாயிறு தேக்காவில் டீ குடிக்கும்போது பிரித்துக்கொள்வோம்.