பொக்கை விழுந்த சோளன் பொத்தி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுறன். நாங்க சுகம். களுவாஞ்சிகுடியில கச்சான் காத்துத் தொடங்கிட்டு, கிணத்துத் தண்ணியும் இறங்குது.

கனடா வீட்டுப் பின்வளவில வேலியோரம் ஒரு வரிசை சுவீட் கோன் போடப் போறன் எண்டு நீ சொல்லக்குள்ள லைன் போயிட்டு. அதாலதான் எழுதுறன். ஒரு வரிசையாப் போடாத, மகன்.

போன வருசம் கச்சானுக்க நான் விட்ட பிழை அது. வேலியோரம் இருபது கண்டு. பாக்க நல்ல வடிவு. பொத்தியை உரிச்சா உன்ட அம்மப்பா சிரிச்ச மாதிரி, இங்க ரெண்டு பல்லு, அங்க மூண்டு பல்லு. மாட்டெரு காணாதெண்டு அப்பா சொன்னார். எருவில ஒரு பிழையுமில்ல.

பொத்தி நுனியில மயிர் தொங்குமே, அதில ஒவ்வொண்டும் உள்ளுக்க ஒரு மணியோட தொடுத்திருக்கு. உச்சிப் பூவில இருக்கிற மகரந்தம் அந்த மயிரில விழுந்தாத்தான் அந்த மணி திரளும். விழாட்டிப் பொக்கை. அதைக் கொண்டு போறது காத்து. ஒத்தை வரிசையெண்டா எல்லாம் பக்கத்து வளவுக்குத்தான்.

இந்த முறை அதே இருபதை நாலு வரிசையா, வரிசைக்கு அஞ்சாப் போட்டன். வரிசைக்கிடையில ரெண்டு அடி, கண்டுக்குக் கண்டு ஒரு அடி. பூத்தாப்பிறகு காலையில பனி காஞ்ச கையோட தண்டைப் பிடிச்சு உலுப்பிவிட்டன். மஞ்சள் மா கையெல்லாம் ஒட்டும். "கண்டுக்குப் பேயோட்டுறியோ?" எண்டு அப்பா திண்ணையில இருந்து பகிடி.

குருத்துக்க மரத்தூள் மாதிரிக் கிடந்தா படைப்புழு. 2018இல இலங்கைக்கு வந்து சேனைச் சோளனை நாசமாக்கினதும் அதுதான். அமெரிக்கப் பக்கத்துப் புழுவாம், உங்கட ஆள்! நான் பிடிச்சு நசுக்கிறதுதான்.

குளிர் மண்ணில விதை அழுகிப்போகும், சூடேறினாப்பிறகு போடு. மயிர் வந்து மூண்டு கிழமையில காஞ்சு மண்ணிறமாகும். அப்ப ஒரு மணியை நகத்தால கிள்ளிப் பார். தண்ணியா வந்தா பிஞ்சு, பால் வந்தா பதம், களியா இருந்தா முத்தல். அடுப்பில உலையை வச்சிட்டுத்தான் முறிக்கப் போ. முறிச்சதும் இனிப்பு மாவாக மாறத் தொடங்கிரும்.

முதல் பொத்தியில மணி வரிசையை எண்ணினன், பதினாறு. மத்ததுகளையும் எண்ணினன், ஒண்டிலயும் ஒத்தைப்படை வரல்ல. உன்ட பொத்தியையும் எண்ணிப்போட்டுக் கோல் எடு.

அம்மா