உன் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாது, பாப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை நீ நாலே நிமிடத்தில் "சரிம்மா, வெச்சிடட்டா" என்று முடித்துவிட்டாய். அதற்கு முன்னால் நீ கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. "என் கதைய எதுக்கும்மா முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட சொன்னே?" என்று கேட்டாய். பேச்சில் வராதது எழுத்திலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

சொன்னது உண்மைதான். உன் அத்தை ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் நான் போய் உட்காரும் அந்த அரட்டையில், ஒருநாள் "பிள்ளைக்காக ஊரை எதிர்த்து நின்றிருக்கிறீர்களா" என்று பேச்சு வந்தது. ஒரு அப்பா பேசினார், பிறகு ஒரு பாட்டி பேசினார். நானும் கையைத் தூக்கினேன். 2019-இல் உன் நிச்சயதாம்பூலத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நான் அடுப்படியில் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது நீ வந்து நின்றதையும், "எனக்கு இது வேண்டாம்மா" என்றதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்றாய் என்பதையும் சொன்னேன். அதை இந்தக் கடிதத்தில்கூட மறுபடி எழுத மாட்டேன்.

கேட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். "இப்படி ஒரு அம்மா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று ஒருத்தி அழுதாள். எனக்கு அது பிடித்திருந்தது, பாப்பா. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். உன் வேதனையை எடுத்துக் கொடுத்து எனக்கு நல்ல பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது, நீ போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

உன் பெயரை நான் சொல்லவில்லை. என் பெயரும் அங்கே வெறும் "அம்மா" தான். அப்படியும் எப்படித் தெரிந்தது என்று மூன்று நாள் யோசித்தேன். முன்பொரு நாள் மலேசியாக்காரர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றதும் "கடலைமிட்டாயா!" என்று அவர் சத்தம் போட, நான் பெருமையாக 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததுவரை சொன்னேன். இன்னொரு நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததைச் சொன்னேன். வேறொரு நாள் மகள் டப்ளினில் இருக்கிறாள், அங்கே டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று சொன்னேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூன்றையும் சேர்த்தால் இந்த ஊரில் அது நான் ஒருத்திதான். எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த யாரோ நம் பக்கத்து ஆள், சேர்த்துப் பார்த்துவிட்டார். அது ஒரு வளைகாப்பு வீட்டில் உன் அத்தை காதுக்குப் போய், அங்கிருந்து உன்னிடம் வந்துவிட்டது.

எனக்கு மனசு ஆறாதது எது என்றால், இதை நான் செய்தேன் என்பதுதான். 1983-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே, காதில் விழுவது வாயில் வரக்கூடாது என்பது. 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்திலேயே அது இருந்தது. செய்தியை வெளியே விட்டால் மூன்று வருடம் வரை ஜெயில். உனக்கு ஞாபகம் இருக்காது, லைன்களை இணைக்கும் அந்த போர்டு. நான் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே குட்டிக் குட்டி விளக்குகள். விளக்கு எரிந்தால் கார்டை, அதாவது இணைப்பு ஒயரை, சொருகி "எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்ல வேண்டும். நம்பரைக் கேட்டு டிக்கெட்டில் எழுதிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கார்டைச் சொருக வேண்டும். லைனில் பேச்சு ஓடுகிறதா, அறுந்துவிட்டதா என்று பார்க்கக் கீயைத் தட்டுவோம். அந்த இரண்டு விநாடியில் காதில் விழுவது விழும். மூன்று நிமிடம் ஆனால் நடுவில் புகுந்து "நேரம் ஆச்சு, நீட்டணுமா?" என்று கேட்க வேண்டும். அப்போதும் விழும்.

தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வடக்கே பேசும் சரக்குக் கணக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அர்ஜெண்ட் கால், ஆள் பேர் சொல்லிப் போடும் பி.பி. கால் எல்லாம் என் காது வழியாகத்தான் போனது. மாதத்தில் முதல் சனிக்கிழமை ஒரு பெண் குரல் வரும். எப்போதும் ஒரே நம்பர்தான் கேட்கும். எனக்கு அந்த நம்பர் இன்னும் மனப்பாடம். அவள் என்ன பேசினாள் என்பதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. ஊராருடைய ரகசியத்தை அத்தனை வருஷம் கட்டிக் காத்தவள், பெற்ற மகளுடையதை ஒரே ராத்திரியில் விட்டுவிட்டேன்.

ஏன் அங்கே போய்ப் பேசுகிறேன் என்றும் நீ கேட்டாய். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்வாய்.

2020 ஜனவரி 31 அன்று நான் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, வாங்கினேன். அன்று பி.எஸ்.என்.எல்.லில் ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் வெளியே வந்தோம். சந்தன மாலை போட்டு, வெள்ளித் தட்டு கொடுத்து, வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். இரண்டு மாதம் ஆவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நீ அங்கே, நான் இங்கே. காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னால், அடுத்து வாயைத் திறப்பது ராத்திரி உன் போன் வரும்போதுதான். முப்பத்தாறு வருடம் மனிதக் குரல் கேட்டே பழகிய காது இது. வீட்டில் மிக்சி சத்தம் நின்றால் அப்படி ஒரு அமைதி. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறு வருடம் எதிர்வீட்டுப் பையன்தான் கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். 2021 மே 21-இல்தான் அது நம் ஊர் ஆண்ட்ராய்டு போனுக்கு வந்தது. மூன்றாம் நாள் தமிழ்நாட்டில் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. வெளியே ஒரு ஈ காக்கை இல்லை, போனுக்குள் திருவிழாக் கூட்டம். முகம் கிடையாது. ஒரு வட்டத்துக்குள் படம், கீழே பெயர், அப்புறம் குரல். பேச ஆசைப்பட்டால் கைப் படத்தைத் தொட வேண்டும், மாடரேட்டர் மேடைக்கு ஏற்றுவார். ஒருவர் நன்றாகப் பேசிவிட்டால் மற்றவர்கள் மைக்கைப் படபடவென்று போட்டுப் போட்டு அணைப்பார்கள். அங்கே அதுதான் கைதட்டு. வரிசையாக அந்த மைக் படங்கள் மினுங்கியதைப் பார்த்ததும் எனக்கு போர்டு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை கார்டைச் சொருகிவிட்டு நான் விலக வேண்டாம். நானும் பேசலாம்.

என்ன பேசினோம் என்கிறாய்? பெரிதாக ஒன்றுமில்லை. ஒருநாள் முழுக்கச் சொதிதான், அந்தத் தேங்காய்ப்பால் குழம்புதான். நான் நம் வீட்டுப் பக்குவத்தைச் சொன்னேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பது. பாசிப்பருப்பு வேகவைத்து, காய் போட்டு, இரண்டாம் பால், கடைசியில் முதல் பால், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, பருப்புப் போட்டால் அது சொதியே இல்லை" என்றார். அவர்கள் ஊரில் பாலும் மஞ்சளும் பச்சை மிளகாயும் தானாம், இறக்கிவைத்துத் தேசிக்காய்ப் புளி விடுவார்களாம், இடியப்பத்துக்கு ஊற்றிச் சாப்பிடுவார்களாம். தேசிக்காய் என்றால் எலுமிச்சை. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் நான் அவர் சொன்னபடி வைத்தேன். அவர் நான் சொன்னபடி வைத்திருக்கிறார். அடுத்த ராத்திரி இரண்டு பேருமே அதைச் சொல்லவும் மேடையில் ஒரே கலகலப்பு. பிறகு ஒருநாள், அந்தச் சொதியைக் கடைசியாக யாருக்கு வைத்துக் கொடுத்தார் என்று அவர் சொன்னார். அன்றைக்கு யாரும் மைக்கைக்கூடத் தொடவில்லை. அது அவருடைய கதை, இங்கே எழுதக் கூடாது.

என் தங்கச்சியிடம் சொதியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச முடியுமா? அவளுக்கு என் பதில் என்னவென்று நான் வாயைத் திறக்குமுன்னே தெரியும். சொந்தக்காரர்கள் நம்மை முப்பது வருடம் முன்னால் பார்த்தபடியே பார்க்கிறார்கள். தெரியாதவர்கள் "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். இந்த வயதில் "அப்புறம்" என்று கேட்க ஆள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை, பாப்பா. உனக்கும் அங்கே அந்த இருட்டுக் காலத்தில் அப்படி யாராவது இருந்தால் அம்மா தப்பாக நினைக்க மாட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி ஆட்களும் வருவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒருவர் மூன்று வாரம் "சிஸ்டர், சிஸ்டர்" என்று பேசிவிட்டு, எனக்கு அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, பணம் கட்டுங்கள் என்றார். அன்றே அவரை பிளாக் பண்ணிவிட்டு, சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். அந்த விஷயத்தில் அம்மா உஷார்.

உஷார் இல்லாமல் போனது வேறு இடத்தில். காசு கேட்பவனிடம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத் தெரிகிறது. யாருமே கேட்காமல், பேச்சு ருசியில் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். கிளப்ஹவுஸ் கூட்டம் கலைந்த பிறகு அதில் பாதிப் பேரோடு இன்னொரு செயலிக்குப் போனேன். நாலு வருடப் பழக்கத்தில், அவர்கள் தெரியாதவர்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அங்கே சொன்ன ஒன்றைத் திரும்ப வாங்க முடியாது. யார் கேட்டார்கள் என்பதுகூடத் தெரியாது. எங்கள் போர்டில் கார்டை உருவினால் லைன் அறுந்துவிடும். இதில் உருவுவதற்குக் கார்டே இல்லை.

நீ அந்தச் செயலியை அழித்துவிடச் சொன்னாய். ஞாயிறு ராத்திரியே அழித்துவிட்டேன். இன்றோடு பதினொரு நாள். பொய் சொல்ல மாட்டேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்குக் கை தானாகப் போனைத் தேடுகிறது. திரும்பப் போக ஆசை இருக்கிறது. ஆனால் நீ மனசாரச் சரி என்றால்தான். போனால் என் முழங்காலைப் பற்றிப் பேசுவேன், சொதியைப் பற்றிப் பேசுவேன், அப்பா போன முதல் தீபாவளிக்கு நான் தனியாக எண்ணெய்ச்சட்டி வைத்ததைப் பற்றிப் பேசுவேன். அதெல்லாம் என்னுடையது. உன் பங்கு இருக்கிற எதையும் உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். உன் அத்தையிடமும் நானே நேரில் போய், இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, எழுதிவிட்டேன். உடனே பதில் வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்கு நாலு வயதில் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் அனுப்பாமல், வீட்டில் ஆள் இல்லாமல், எக்ஸ்சேஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போனேனே. என் ஸ்டூலுக்குக் கீழே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவள், நான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்து "எக்ஸேஞ்" என்று சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி "யாரு தாயி பேசுறது?" என்று கேட்டது. அதில் பாதி உன்னுடையது. அதைச் சொல்லலாமா, வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு.

அன்புடன்,
அம்மா