படுக்கையிலிருந்து எவ்வளவு தூரம்?

அன்புள்ள தங்கைக்கு,

நைட் டூட்டி முடித்த கையோடு, தூங்காமல் உட்கார்ந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஐந்து முதுநிலை நர்சிங் படிப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதி, "அக்கா, இதில் எதற்கு மதிப்பு அதிகம்?" என்று கேட்டிருக்கிறாய். மதிப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் நான் ஒன்று கேட்கிறேன்: நோயாளியின் படுக்கையை விட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போக உனக்குச் சம்மதம்?

சிரிக்காதே. முதுநிலை படித்த எவரும் படிப்பு முடிந்ததும் பழைய இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு பிரிவும் நம்மை அந்தப் படுக்கையிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எவ்வளவு தூரம் என்று விளக்கக் கையேட்டில் அச்சிடமாட்டார்கள்.

நான் படித்தது நிர்வாகம். யோசித்தா எடுத்தேன்? இடம் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். பட்டம் வாங்கி மேற்பார்வையாளராக உட்கார்ந்த முதல் ஆண்டில், காரணமே இல்லாமல் வார்டைச் சுற்றி வருவேன். யாருடைய தலையணையையாவது சரிசெய்துவிட்டு, சொட்டு மருந்து இறங்கும் வேகத்தை எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே டூட்டியில் இருக்கும் பெண் தன் வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று முகம் சுருங்கிப் போவாள். பன்னிரண்டாம் படுக்கைப் பெரியவர் எனக்கு டூட்டி பட்டியலில் ஒரு கட்டமாக மாறிவிட்டார் என்பதை ஏற்றுக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. ஆனால் அந்தக் கட்டத்துக்கு எதிரே எத்தனை பேரை எழுதுகிறோம் என்பதில்தான் ஓர் இரவு வார்டின் கதியே இருக்கிறது. அது பிடிபட்ட பிறகு வேலையும் பிடித்துப்போனது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஓர் ஆண்டு அழுகை மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

நம் துறையில் உயர்படிப்பு தொடங்கியதே இப்படித் தள்ளி நிற்பவர்களுக்காகத்தான். 1899இல் அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 'மருத்துவமனைப் பொருளியல்' என்ற பெயரில் நர்ஸ்களுக்கு ஒரு பாடத்திட்டம் வந்தது. நர்சிங் பள்ளிகளை நடத்தவும் மேற்பார்வை செய்யவும் ஆட்களை உருவாக்குவதே அதன் நோக்கம். மேலே படித்தவள் வகுப்பறைக்குப் போவாள், இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போவாள் என்பதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. படித்தும் நோயாளியின் அருகிலேயே நிற்கலாம் என்ற வழியை யாராவது வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. 1954இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டெகார்ட் பெப்லாவ், மனநல நர்சிங்கில் சிறப்பு நர்ஸ்களை உருவாக்கும் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். நர்சும் நோயாளியும் பேசிக்கொள்வதே சிகிச்சையின் ஒரு பகுதி என்று வாதாடியவர் அவர். உன் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் மருத்துவச் சிறப்பு நர்ஸ் படிப்பு அந்த வழியில் வந்ததுதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வேறு ரகம். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து அதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். மருத்துவ வசதி எட்டாத குழந்தைகளிடம் போய்ச் சேருவதுதான் அவர்களின் அக்கறை. இதில் நீ படுக்கைக்கு அருகில்தான் இருப்பாய், ஆனால் எதிர்ப்பக்கத்தில். பரிசோதிப்பதும், நோயைக் கண்டறிவதும், பல நாடுகளில் மருந்து எழுதுவதும் உன் கையில் வரும். "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற நமது பழைய அடைக்கலம் பறிபோகும். இது உனக்கு ஆசையாக இருக்கிறதா, அச்சமாக இருக்கிறதா என்று பார். இரண்டும் சேர்ந்து இருந்தால் நல்லது.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. சர்வதேச செவிலியர் மன்றம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறப்பு நர்ஸ், நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இந்த இரண்டு பணிகளுக்கும் குறைந்தபட்சத் தகுதியாக முதுநிலைப் பட்டத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சட்டம் எல்லா நாட்டிலும் ஒன்றாக இல்லை. சில இடங்களில் அப்படி ஒரு பதவியே சட்டப் புத்தகத்தில் கிடையாது. பட்டத்தை வாங்கிக்கொண்டு பழைய டூட்டிக்கே திரும்ப வேண்டியிருக்கும். எனவே எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறாயோ, அந்த நாட்டின் நர்சிங் கவுன்சில் இந்தப் படிப்பை ஏற்கிறதா, பதிவு தருகிறதா என்று கவுன்சிலிடமே எழுதிக் கேள். கல்லூரி அலுவலகம் சொல்வதை மட்டும் நம்பாதே. அவர்களுக்கு இடம் நிரம்ப வேண்டும்.

கற்பித்தலைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் மிகக் கடினமான வேலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஊசி ஏற்றும் மாணவியின் விரல் நடுங்கும். பிடுங்கி நாமே செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. நோயாளிக்கு ஆபத்து வராத அளவுக்கு அருகிலும், மாணவி கற்றுக்கொள்ளும் அளவுக்குத் தள்ளியும் நிற்க வேண்டும். உன் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டம் உள்ளே இருப்பதைத்தான் வளர்க்கும். நர்சிங் தகவலியலைப் பற்றி, அதாவது நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் கையாளும் பிரிவைப் பற்றி, என்னிடம் கேட்காதே, ஒரு பக்கம் அச்செடுக்கவே எனக்கு ஆள் வேண்டும்.

"மூன்று ஆண்டு அனுபவம் போதுமா?" என்று அஞ்சுகிறாய். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1980களில் நர்ஸ்களின் வளர்ச்சியைப் புதியவர் முதல் நிபுணர் வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தவர் மூன்றாம் படியில், திறன் பெற்றவராக நிற்பார் என்பது அவர் கணிப்பு. அந்தக் கணக்கில் நீ சரியாகத்தான் இருக்கிறாய். அவர் சொன்ன இன்னொன்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: நிபுணரே ஆனாலும், பழகாத துறைக்குள் போனால் மறுபடி முதல் படிதான். வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும் முன்பே திரும்பிப் பார்க்கும் நீ, படிப்பில் சேர்ந்த முதல் பருவத்தில் ஒரு குழந்தையின் காதைப் பரிசோதிக்கத் தடுமாறுவாய். அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் பாதியில் விட்டுப் போனவர்கள் நல்ல நர்ஸ்கள். அவர்களுக்கு யாரும் முன்னால் சொல்லி வைக்கவில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதே. செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, யாருக்குக் கீழ் என்று கேள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கு. நான் படித்த இடத்தில் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், பயிற்சிக்கான இடத்தையும் வழிகாட்டும் மூத்த நர்சையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, இந்தக் கடிதத்திலேயே தெரிந்திருக்கும்.

இணையவழி வகுப்புகள் எழுத்துப் பாடத்துக்குப் போதும். வேலையையும் விடாமல் படிக்க முடியும். ஆனால் நைட் டூட்டியும் ஆய்வேடும் ஒரே மாதத்தில் வந்தால் இரண்டில் ஒன்று கெடும். ஆய்வேடு கட்டாயமா என்றும் கேட்டுக்கொள். பின்னால் முனைவர் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வேடு உள்ள படிப்பு கைகொடுக்கும்.

உன் பட்டியலில் முதல் இரண்டையும் நான் அடித்துவிட்டேன். அவை உன் சித்தப்பா சொன்னவை, நீ சொன்னவை அல்ல. மீதி மூன்றுக்கும் சென்ற ஆண்டின் செய்முறைப் பயிற்சி அட்டவணையைக் கேட்டு வாங்கி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன், முதலில் போய்த் தூங்கு.

அன்புடன்,
அக்கா