அது வாந்தி அல்ல

ஆசிரியருக்கு,

ஸ்பெர்ம் திமிங்கலத்திலிருந்து வரும் மெழுகு போன்ற அம்பர் பிடிபட்டால், 'திமிங்கல வாந்தி பறிமுதல்' என்றே எல்லாச் செய்திகளும் எழுதுகின்றன. ஆனால் அது உருவாகக் காரணம் கணவாயின் அலகு. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் நீரோடியில் கணவாய் அறுத்துப் பழகியவர்களுக்கு அதன் கிளிமூக்கு போன்ற அலகு தெரியும். ஸ்பெர்ம் திமிங்கலம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே, வெளிச்சம் எட்டாத இருளில், 'டிக் டிக்' என ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்தே கணவாயைப் பிடிக்கிறது; நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டன் இரை! சதை செரித்துவிடும், அலகு செரிக்காது. பெரும்பாலானவற்றை அது கக்கிவிடுவது உண்மைதான். தப்பிக் குடலுக்குள் நுழைந்து உறுத்தும் அலகுகளைச் சுற்றித் திரள்வதே அம்பர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை விற்பது குற்றம். கோடிக்கணக்கில் விலை போடும் நிருபர்கள், கணவாய்க்கும் ஒரு வரி ஒதுக்கலாமே.

- வாசகர், நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்