காணொளியை நிறுத்திப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள்

மூத்தோருக்கு மின்னிலக்க வகுப்பு நடத்தும் தமிழ்த் தொண்டூழியர்களுக்கு வணக்கம்.

அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ், பணம் அனுப்பும் பேநவ் என்றாலே தயங்கிய பெரியவர்கள் இன்று பிள்ளைகளைக் கேட்காமல் தாங்களே எல்லாம் செய்துகொள்கிறார்கள் என்றால், அதில் உங்கள் பொறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. மோசடி அழைப்புகளைப் பற்றியும் சொல்லித் தருகிறீர்கள். அதோடு, ‘நாளைய கருவி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்.

எங்கள் புளோக்கில் இருக்கும் பெரியவர் ஒருவர் அப்படி ஒன்றைக் காட்டி, “முன்பணம் கட்டலாமா தம்பி?” என்று கேட்டார். மணிக்கட்டில் ஒரு வளையம். கையை உதறினால் முன்கையில் கைப்பேசித் திரை ஒளியாக விரிகிறது. 2014இல் உலகமெங்கும் பரவிய சிக்ரெட் வளையக் காணொளியின் அதே பாணி. நிறுத்திப் பார்த்தோம். திரையில் கன்னங்கரேலென்று எழுத்து. ஒளி பாய்ச்சும் கருவியால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அந்த இடத்தில் தோல்தான் தெரிய வேண்டும். அப்புறம், திரையைத் தொடும் விரல் வளையத்திலிருந்து வரும் வெளிச்சத்தை மறைக்கும், விரலுக்கு அப்பால் நிழல் விழும். காணொளியில் நிழலே இல்லை. அவர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். நான் பாதி சொல்லும்போதே மீதியை அவரே சொல்லிவிட்டார். பெரியவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

‘பொய்யா, மெய்யா’ என்று மட்டும் கேட்கப் பழக்கினால் போதாது. 2015இல் லெக்சஸ் காட்டிய மிதக்கும் பலகை உண்மையாகவே மிதந்தது. ஆனால் அதற்குள் திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய மீக்கடத்திகள் இருந்தன; கடுங்குளிரில் காந்தத்தின்மேல் மிதக்கும் பொருள்கள் அவை. தரைக்கடியில் காந்தத் தடம் பதித்திருந்தார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வைத்தால் அது மிதக்காது. 2018இல் நிக்கோலா என்ற லாரி நிறுவனம் வெளியிட்ட காணொளியில் லாரி ஓடியதும் உண்மைதான். ஆனால் சொந்த விசையில் அல்ல, சரிவில் உருண்டு ஓடியது. பெரிய நிறுவனம் என்றால் நம்பலாம் என்பார்கள். 2023 இறுதியில் கூகல் தன் செயற்கை நுண்ணறிவான ஜெமினியைப் பற்றி வெளியிட்ட காணொளி, பேசப் பேச உடனுக்குடன் பதில் வருவதுபோல் காட்டியது. உண்மையில் அசையாப் படங்களையும் எழுதிக் கேட்ட கேள்விகளையும் வைத்துத் தயாரித்தது அது.

கையில் ஆறு விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் உத்தி, செயற்கை நுண்ணறிவு வளர வளர உதவாது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிறுவனத்துக்கு வெளியே யாராவது அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார்களா என்ற கேள்விகள் அப்போதும் உதவும்.

அடுத்த தவணையில் ஒரு மணி நேரம் தாருங்கள். காணொளிகளையும், முன்பணம் கேட்கும் விளம்பரங்களையும் நான் கொண்டுவருகிறேன். தமிழிலேயே நடத்துவோம்.

அன்புடன்,
ஒரு குடியிருப்பாளர்