மடக்குவது யார்? கருவி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நடமாட்ட உதவிக் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் விளம்பரப் படங்களில் சக்கர நாற்காலியை மடக்கிக் காட்டுபவர் நன்றாக நடக்கக்கூடிய ஒருவர். அதில் உட்காரப்போகிறவர் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். என் புகார் அந்தப் படத்தைப் பற்றியதுதான்.

வழக்கமான நாற்காலியை மடக்க, கால்மிதிகளைத் தூக்கிவிட்டு, இருக்கைத் துணியை நடுவில் பிடித்து மேலே இழுக்க வேண்டும். அதற்கு முதலில் நான் இறங்கியாக வேண்டும். இறங்கி எங்கே நிற்பேன்? சரி, கார் இருக்கைக்கு மாறிவிட்டேன் என்றே வையுங்கள். இரும்புச் சட்டமென்றால் எடை 15 கிலோவைத் தாண்டும். உட்கார்ந்தபடியே அதை என் மடிக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் போட வேண்டும். அச்சின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் பின்சக்கரங்கள் கழன்றுவரும் நாற்காலிகள் எவ்வளவோ தேவலை. ஆனால் கட்டைவிரலில் வலு இல்லாதவர் அந்தப் பொத்தானை என்ன செய்வார்? அவருக்கென்று நெம்புகோல் வைத்த அச்சு உண்டு, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதையே எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?

1930களில் மடக்கு நாற்காலியைப் பரவலாக்கிய ஹெர்பர்ட் எவரெஸ்ட், சுரங்க விபத்தில் நடமாட்டத்தை இழந்தவர். காரில் ஏற்றும்படி ஒரு நாற்காலி வேண்டும் என்ற தேவை அவருடையது. நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் பொறியாளர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய, இருக்கைக்கு அடியில் X வடிவில் மடங்கும் குறுக்குச்சட்ட அமைப்புதான் இன்றும் ஓடுகிறது. உங்கள் குழுவில் அந்த எவரெஸ்ட் எங்கே? கடைசி நாள் சோதனைக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

எடையைக் குறைத்தால் மட்டும் போதாது. மிக லேசான நாற்காலியின் முதுகில் பையை மாட்டிச் சரிவில் ஏறினால் அது பின்பக்கம் சாயப் பார்க்கும். அப்புறம் மின்சார நாற்காலிகளின் பேட்டரி. விமானத்தில் கழற்றிக் கையோடு கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி ஒன்றென்றால் அதன் கொள்ளளவு 300 வாட்-மணி, இரண்டென்றால் தலா 160 என்பது வரம்பு. அதைத் தாண்டியதைப் ‘பயண நாற்காலி’ என்று விற்காதீர்கள்.

அடுத்த மாதிரி தயாரானதும், பயன்படுத்தப்போகிறவரிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் அறையைவிட்டு வெளியே வாருங்கள். அவரே தனியாக மடக்கி, ஏற்றி, மறுபடி விரித்து உட்காரட்டும். அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். பிரித்தால் வரும் துண்டுகளில் ஆகக் கனமானது எத்தனை கிலோ, ஒரு கையால் மடக்க முடியுமா என்ற இரண்டையும் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தன் நாற்காலியைத் தானே மடக்க நினைக்கும் ஒருவர்