பதில் வராவிட்டாலும் துப்பாக்கி கிடைக்கும்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் துப்பாக்கிக் கொலைகள் குறித்த தங்கள் தலையங்கம், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் முறையே வீண் என்ற தொனியில் முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்தவரை, பெரிய ஓட்டை அதற்கு வைத்திருக்கும் கெடுவில் இருக்கிறது. உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் சோதனைப் பிரிவைக் கேட்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பழைய வழக்கு விவரம் தெளிவில்லை என்றால் 'தாமதம்' என்பார்கள். மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், கூட்டாட்சிச் சட்டப்படி கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். (தனிநபர் விற்றால் பல மாநிலங்களில் இந்தச் சோதனையும் கிடையாது.)

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் இப்படித்தான் வாங்கினான். போதைப்பொருள் வழக்கு அவனைத் தடுத்திருக்க வேண்டும். கைது செய்த காவல் துறை எது என்பது பதிவில் தவறாக இருந்ததால், சோதித்தவர் வேறு அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் கெடு முடிந்துவிட்டது. இளவயதுக் குற்றப் பதிவு இருக்கலாம் எனத் தெரிந்தால் பத்து வேலை நாள் வரை காத்திருக்க 2022 சட்டம் வழிசெய்தது. அதுவும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும். வாங்கும்போது அவனுக்கு வயது 21! ஆகவே நாள்களைக் கூட்டிக்கொண்டிருப்பதைவிட, 'கொடுக்கலாம்' என்ற பதில் வந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தி, கெடுவைப் பதில் தர வேண்டிய அலுவலகத்துக்கு விதிக்கலாம்.